பதினேழாம் மனையின் வாசக்கால்

காலை ஆறேகாலுக்குக் கஜபதி தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவான். இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாக வைக்கக் கை போகும். சுவர் இருக்காது. வாசக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் சவுக்குக் கழியின் அடியில் வைப்பான். நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பிறகு வலது காலை எடுத்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவான். குனியத் தேவையே இல்லை. வாசக்கால் ஏழடி, அவன் ஐந்தடி நாலங்குலம். சொந்த வீட்டுக்குள் நிமிர்ந்து போனால் பார்ப்பவர்கள் திமிர் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். பார்ப்பவர்கள் என்று அங்கே இருப்பது நாரைகள் மட்டும்தான்.

உள்ளே என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். மூன்றடி உயரத்துக்கு எழுப்பிய பேஸ்மட்டம், அதற்குள் நிரப்பிய கிராவல் மண், மேலே பரப்பிய ஒன்றரை அங்குல ஜல்லி, முன்பக்கத்தில் தன்னந்தனியாக நிற்கும் தேக்கு வாசக்கால். வீடு இவ்வளவுதான். முன்பக்கம் முழுக்க மண்ணைச் சரித்துக் கொட்டியிருப்பதால், வாசக்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கல்யாண ஊர்வலமே ஏறி வரலாம். வரவிடமாட்டான். "வாசல் வழியா வாங்க" என்பான். கொத்தனார் வந்தாலும், கொரியர்காரர் வந்தாலும், வாசல் வழியாகத்தான்.

"சொவுரே இல்ல. இதுல வாசல் இன்னா, சந்து இன்னா சார்?" என்று மேஸ்திரி துலுக்கானம் முதல் நாளே கேட்டார்.

"இன்னிக்கு இல்லை மேஸ்திரி. நாளைக்கு வந்துடும்ல? அப்போ பழக்கம் மாத்த முடியாது பாருங்க."

அந்த நாளை வராமல் பதின்மூன்று மாதம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புங்கந்தாங்கல் ஏரிக்குக் கேமராவும் கையுமாக நாலைந்து பேர் வருவார்கள். பேஸ்மட்டம் உயரமாக இருப்பதால் அதன்மேல் நின்றால் ஏரி முழுவதும் தெரியும். அவர்களும் வாசக்கால் வழியாகத்தான் வரவேண்டும். செருப்பு, ஷூ எல்லாம் வெளியே. ஒன்றரை ஜல்லியில் வெறுங்காலோடு அவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பதைப் பார்த்தால், ஏரியில் நத்தை தேடும் கொக்குக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. கஜபதி முன்னால் நடந்து, "இது ஹாலுங்க. இது கிச்சன். பாத்து, அங்க பூஜை ரூம், மிதிச்சிடாதீங்க" என்று வழிகாட்டுவான். ஒரு நாள் ஒருவர், "சார், நீங்க பறவை ஆர்வலரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆர்வம் எல்லாம் அதுங்களுக்குத்தான், என் மனை மேல. நான் வெறும் ஓனரு."

ஓனர் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வனத்துறை நட்ட மஞ்சள் கல் ஒன்று மனையின் கிழக்கு எல்லையில் நிற்கிறது; அடுத்தது மேற்கு எல்லையில். இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு வடக்கே பறவைகளின் பாதுகாக்கப்பட்ட வாழிடம். தெற்கே மனிதர்களின் பாதுகாக்கப்படாத வாழிடம். கோடு ஹாலின் குறுக்கே போகிறது. ஹாலில் பாதி, சமையலறை, பூஜை அறை, படுக்கையறை எல்லாம் பறவைகளுக்குப் போய்விட்டன. "எனக்குன்னு சர்க்கார் விட்டு வெச்சது கக்கூசும் மாடிப்படியும்தாங்க" என்பான் கஜபதி. "படி ஏறி எங்க போறதுன்னுதான் தெரியல."

செய்யாறு பக்கத்தில், பேருந்து திரும்பும் இடமே கடைசி நிறுத்தமாக இருக்கும் ஓர் ஊர் அவனுக்கு. அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி. பி.எஸ்சி. விலங்கியல். பட்டம் வாங்கிய வாரம் ஊர் முனையில் பேனர் வைத்தார்கள். அதில் அவன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கத்தின் படம். விலங்கியல் என்றால் வேறு எதைப் போடுவது? நாலு வருஷம் முன்னால்வரை அந்த பேனர் யாரோ ஒருவரின் வைக்கோல் போரின்மேல் மழைக்குப் போர்த்தியிருந்தது. சிங்கம் வெளுத்துப்போன பிறகும் கஜபதியின் கண்ணாடி மட்டும் அழியாமல் இருந்தது என்று ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் சொல்வான்.

படித்த விலங்கியலுக்கு வேலை கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரப் பரிசோதகன். சட்டைப்பையில் எந்நேரமும் வெர்னியர் காலிப்பர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இருந்தது. வசந்தகுமாரி அதைப் பார்த்துவிட்டு, "எதை அளக்கிறதுக்குங்க?" என்று கேட்டாள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் சிவப்பு மையில் கோடு போட்டுத் தள்ளிவிடுவான். 'ரிஜெக்ட் கஜா' என்று கம்பெனியில் பெயர்.

இப்படிப்பட்டவன்தான் ஓர் ஏரியைக் கவனிக்காமல் விட்டான்.

மனை பார்க்கப் போனது அக்னி நட்சத்திரத்தில். சென்னீர்குப்பத்திலிருந்து வேனில் அழைத்துப் போய், நீர்மோர் கொடுத்து, 'அன்னம் அவென்யூ' என்று பெரிய வளைவின் கீழே இறக்கிவிட்டார்கள். வடக்கே பரந்த வெளி. வெடித்த தரை. ஒரே நேரத்தில் மூன்று கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "எதிர்ல கிரவுண்டு இருக்கு சார், காத்துக்குப் பஞ்சமே இல்லை" என்றார் வேனில் வந்தவர். கஜபதி மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினான். விவசாயி மகன் அல்லவா, மண் தெரியுமே. அது ஏரி மண் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கோடையில ஏரியைப் பாத்து கிரவுண்டுன்னு நெனைச்ச மொத விவசாயி மவன் நான்தாங்க. இதுக்கும் ஊர்ல ஒரு பேனர் வைக்கலாம்" என்பான்.

பத்திரத்தை வக்கீலிடம் காட்டலாம் என்றாள் வசந்தகுமாரி. பேருக்குப் பின்னால் பட்டம் போடுகிறவன் பத்திரம் படிக்க இன்னொருவரிடம் போவதா? அவனே படித்தான். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு இரண்டு முறை. நாலு எல்லையும் தெளிவாக எழுதியிருந்தது. கிழக்கே பதினாறாம் மனை, மேற்கே பதினெட்டாம் மனை, தெற்கே இருபதடிச் சாலை, வடக்கே நீர்நிலை. அந்தக் கடைசி வார்த்தையைப் படித்தபோது அவனுக்கு வந்தது சந்தோஷம். "கெணறு தோண்டினா தண்ணி கெடைக்கும் வசந்தா" என்றான்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கார்த்திகையில் நத்தைக்குத்தி நாரைகள் வந்தன. பிறகு நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, அரிவாள் மூக்கன். பத்து வருஷமாக வறண்டு கிடந்த ஏரிக்கு, அந்த வருஷ மழை நன்றாகப் பெய்ததில், போனவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு திரும்பிவிட்டார்கள். கல்லூரியில் கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவனுக்கு, உயிரோடு பறக்கும் பறவையில் காக்கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கூழைக்கடாவை முதலில் பார்த்த அன்று, யாரோ வளர்த்த வாத்து தப்பி வந்துவிட்டது என்று பதினாறாம் மனைக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

தையில் பூஜை போட்டுக் கடைக்கால் எடுத்தார்கள். மாசியில் பேஸ்மட்டம் முடிந்தது. சுவர் எழுப்பும்போது வைக்க வேண்டிய வாசக்காலை, நல்ல நாள் தப்பிவிடும் என்று ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பிலையும் மாவிலையும் கட்டி, அடியில் நவதானியம் போட்டார்கள். துலுக்கானத்துக்கு வேட்டி துண்டு. மூன்றாம் நாள், புங்கந்தாங்கலையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பறவைகளின் பாதுகாக்கப்பட்ட வாழிடமாக அறிவித்திருப்பதாகவும், வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்றும் வனவர் ஷோபனா நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். அவரையும் அவன் வாசல் வழியாகத்தான் வரச் சொன்னான். அவரும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். நோட்டீசை வாங்கியவன் உட்காரச் சொல்ல நாற்காலி தேடினான். பிறகு எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, மூடிய சிமென்ட் மூட்டை ஒன்றைத் தூசு தட்டிக் காட்டினான்.

வசந்தகுமாரி கரையான்சாவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறவள்; வார்த்தையையும் அப்படித்தான் குத்துவாள், வலிக்கும் முன் எடுத்துவிடுவாள். இருவரும் ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா கெங்கம்மாளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. "காலண்டர் வோணும்னா கேஸ் சிலிண்டர் மேல சாச்சு வெச்சுக்கோ நைனா. செவுத்துல கை வெச்சே, காலி பண்ணிகினு பூடு." அதனால் கறுப்பு அங்கியும் சுருட்டிய பட்டமுமாகக் கஜபதி நிற்கும் புகைப்படம், இரண்டடிக்கு ஒன்றரை அடி, கண்ணாடிச் சட்டம் போட்டது, ஆறு வருஷமாக ஒரு பழைய போர்வைக்குள் பீரோவின்மேல் படுத்திருக்கிறது. 'பட்டதாரியைத் தூங்க வெச்சிருக்கோம்' என்பாள் வசந்தகுமாரி.

மனை பதிவான அன்றே கரையான்சாவடி ஹார்டுவேர் கடையில் கஜபதி ஓர் ஆணி வாங்கினான். இரண்டு அங்குலம், கான்கிரீட் ஆணி, ஒன்றே ஒன்று. கடைக்காரர் கால் கிலோவுக்குக் குறைவாகத் தரமாட்டேன் என்றதும், கால் கிலோவுக்கும் காசு கொடுத்து, வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியை அவரிடமே கொடுத்து வந்தான். வாசக்காலுக்கு இடப்பக்கச் சுவர், தரையிலிருந்து ஐந்தே காலடி. உள்ளே வந்து உட்கார்ந்தவர் கண்ணில் படம் நேராகப் படவேண்டும். இடமெல்லாம் அளந்தாகிவிட்டது, சுவர்தான் பாக்கி. "வூட்டுக்கு முன்னாடி ஆணி வாங்கினவர் மெட்ராசுலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் வசந்தகுமாரி. ஆனால் அந்த ஆணியைத் தொலைந்துவிடாமல் தன் தையல் டப்பாவில் வைத்திருப்பதும் அவள்தான்.

வேலை நின்ற பிறகு கஜபதி மனு எழுத ஆரம்பித்தான். மனு எழுதுவதில் அவனுக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஊரில் முதியோர் பென்ஷனுக்கும் மின் இணைப்புக்கும் எழுதிப் பழகிய கை. ஏழாவது மனு அவன் எழுதியதிலேயே சிறந்தது. அதன் நாலாவது பத்தியை அவன் மனப்பாடமாகவே சொல்வான்: "பேஸ்மட்டமும் கிராவலும் ஒன்றரை ஜல்லியும் நிறைந்த மேற்படி மனையில் எந்தப் பறவையும் எக்காலத்திலும் கூடு கட்ட இயலாது என்பதை, ஒரு விலங்கியல் பட்டதாரி என்ற முறையில் அறிவியல்பூர்வமாக உறுதியளிக்கிறேன்." கீழே கையெழுத்து, பட்டத்தோடு.

மனு பலித்துவிட்டது. அறிவிப்புக்கு முன்பே பேஸ்மட்டம் முடித்தவர்களுக்காக ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவிடமிருந்து பதில் வந்தது. சித்திரை பதினாலாம் தேதி நேரில் ஆய்வு. மனைக்குள் கூடு எதுவும் இல்லை என்றால் வீட்டைக் கட்டி முடிக்கலாம். கூடு இருந்தால் மனை முழுவதும் வாழிடத்தோடு சேர்க்கப்படும். அதன்பிறகு மனுவுக்கு இடமில்லை. கஜபதி அந்தக் கடிதத்தை மூன்று நகல் எடுத்தான். வசந்தகுமாரி ஆணியைத் தையல் டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள்.

பங்குனிக் கடைசியில் கம்பெனியில் ஆடிட். பத்து நாள் அவனால் மனைப்பக்கம் போக முடியவில்லை. பதினோராம் நாள் காலை ஆறேகாலுக்குச் செருப்பைக் கழற்றி, நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டு, வலது காலைத் தூக்கியவன், தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, ஜல்லிக்கு நடுவே, ஜல்லி நிறத்தில், ஜல்லி அளவில், நாலு முட்டை. கூரான பக்கம் நாலும் நடுவில் கூடியிருக்க, கூட்டல் குறிபோல வைத்திருந்தது. தூரத்தில் இருபத்தொன்றாம் மனையில் நின்று ஓர் ஆட்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் அது கத்தாது. சத்தமில்லாமல் நழுவித் தள்ளிப் போய், அங்கேதான் வீடு இருப்பதுபோல் கத்தும்.

ஒன்றரை ஜல்லி நாற்பது மில்லிமீட்டர். ஆட்காட்டி முட்டையும் ஏறக்குறைய அதுதான். அது தேடுவதே இப்படிப்பட்ட வெட்டவெளிக் கல்லைத்தான். மரமும் வேண்டாம், சுள்ளியும் வேண்டாம். "மாடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும் இது. நானும் மேய்ச்சிருக்கேன். கரம்புல காலை வெக்கிறதுக்கு முன்னாடி பாத்துத்தான் வெப்போம். டிகிரி வாங்கினப்புறம் மறந்துடுச்சுங்க" என்பான். அறிவியல்பூர்வமாக உறுதியளித்த இடத்திலேயே, அறிவியல் படிக்காத ஒரு பறவை முட்டையிட்டுவிட்டது.

துலுக்கானத்தைப் போன் போட்டு வரவழைத்தான். அவர் வாசக்காலுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பீடியை இழுத்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சார் நீ, இத்துக்குப் போயி மொகத்த தொங்கப் போட்டுகினு கீற. ஒரு சட்டி ஜல்லிய எட்த்து மேல கவுத்தா மேட்டரு ஓவர். எது கல்லு, எது முட்டைன்னு பெத்ததுக்கே அடையாளம் தெரியாது."

"அது என்ன பண்ணும் மேஸ்திரி?"

"இன்னா பண்ணும்? ரெண்டு நாளு கத்தும். அப்பால வேற எடம் பாத்துகினு பூடும். நீயும்தான் வேற எடம் பாக்க சொல்லோ கத்தல?"

கஜபதி சட்டியை அவர் கையில் கொடுக்கவில்லை. பாவம் வந்தால் தன்னோடு போகட்டும் என்று தானே எடுத்தான். வெளியே குவித்திருந்த ஜல்லியில் சட்டி நிறைய அள்ளினான். வாசக்காலுக்குள் கையை நீட்டிச் சட்டியைச் சாய்த்தான். சாய்ந்த சட்டி அப்படியே நின்றது. பழக்கதோஷம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. எதையும் அளக்காமல் அவன் தள்ளியதில்லை. சட்டியைக் கீழே வைத்தான். பையிலிருந்து வெர்னியரை எடுத்து, முட்டையில் கை படாமல், தாடைகளை மட்டும் நுழைத்து அளந்தான். நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று.

"நாலும் ஓகே" என்றான்.

"இன்னா ஓகே?"

"பாஸாயிடுச்சு மேஸ்திரி. பாஸான பீஸை எங்க கம்பெனில யாரும் ஸ்கிராப்ல போட மாட்டோம்."

துலுக்கானம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இது உன் கம்பெனி இல்ல சார். இது உன் ஊடு." பீடியை நசுக்கிவிட்டு எழுந்தார். "படிச்சவனுக்கு ஊடு கட்றது கஷ்டம்னு என் மச்சான் அப்பவே சொன்னான். நான்தான் அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

கஜபதி சட்டி ஜல்லியை மறுபடி குவியலிலேயே கொட்டினான். அப்போதுகூட அவன் வாசல் இல்லாத பக்கமாக ஏறிப் போய் வேறு பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வாரம், காலை ஆறேகாலுக்கு வருவான், செருப்பைக் கழற்றுவான், நிலைப்படியைத் தொட்டுக் கும்பிடுவான், வெளியிலேயே நிற்பான். தன் வீட்டு வாசலில் தானே சந்தா கேட்க வந்தவன்போல. ஞாயிறு வந்த கேமராக்காரர்களிடம், "உள்ள ஆள் இருக்காங்க, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்பினான். அடைகாக்கும் நாட்களை எண்ணினான். பொரிய சித்திரை இருபது ஆகும். ஆய்வு பதினாலு. ஆறு நாள் தள்ளிவைக்கக் கேட்டு எட்டாவது மனுவைத் தொடங்கினான். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனுவை முடிக்காமல் கிழித்தான்.

வசந்தகுமாரி ஒரு மாலை வந்து பார்த்தாள். தாய்ப்பறவை எழுந்து போகும்வரை தள்ளியே நின்றாள். முட்டைகளைப் பார்த்தாள், வாசக்காலுக்கு இடப்பக்கத்துக் காற்றையும் பார்த்தாள், ஐந்தே காலடி உயரத்தில்.

"தொட வேணாம்" என்றாள்.

"தொடலை."

"மூட வேணாம். அவங்க கண்ணுல பட்டா படட்டும். படலைன்னா நம்ம நேரம். ஆனா நீங்களா வாயைத் திறக்கக் கூடாது."

"வசந்தா..."

"ஏழு மனு எழுதினீங்க, ஒண்ணையாவது எழுத வேணாம்னு சொன்னேனா? ஒரே ஒரு நாள், ஒரு பத்து நிமிஷம், பேசாம நிக்கணும். அதுக்குமா ஒரு டிகிரி வேணும்?" அவள் குரல் சற்றே இறங்கியது. "அந்த கெங்கம்மா வீட்ல இன்னும் எத்தனை வருஷங்க சிலிண்டர்ல காலண்டரைச் சாச்சு வெக்கிறது?"

வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

சித்திரை பதினாலு, காலை பத்து மணி. வெயில் ஜல்லியில் பட்டுக் கண் கூசியது. வசந்தகுமாரி லீவு போட்டுவிட்டு வந்து, வண்டியின் பக்கத்தில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். வனவர் ஷோபனா மட்டும் வந்தார். கையில் கோப்பு. அதில் மேலேயே ஏழாவது மனு.

"நாலாவது பத்தி நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆபீஸ்ல எல்லாருமே படிச்சோம்" என்றார். கேலியா, பாராட்டா என்று கஜபதிக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினான்.

அவர் மனையை வெளியே ஒரு சுற்றுச் சுற்றினார். கிழக்கு ஓரத்துக் கருவேல மரத்தை அண்ணாந்து பார்த்தார். சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வடக்கு ஓரத்தில் நின்று ஜல்லிப் பரப்பை ஒரு நோட்டம் விட்டார். அவர் பார்வை முட்டைகளின்மேல் போய், நிற்காமல், கல்லைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போயிற்று.

இருபத்தொன்றாம் மனையில் ஆட்காட்டி கத்தியது.

"அந்தப் பக்கம் எங்கயோ வெச்சிருக்கு போல" என்றார் ஷோபனா, அங்கே பார்த்தபடி. கோப்பைத் திறந்து, முட்டியின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். மனை எண் பதினேழு. மரத்தில் கூடு: இல்லை. புதரில் கூடு: இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் வசந்தகுமாரி வண்டியின் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். "தரையில்" என்று எழுதிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

"உள்ளே ஒரு சுத்து வந்துட்டா முடிஞ்சுது சார். கையெழுத்துப் போட்டுடலாம்."

அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். வடக்கு ஓரம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் இந்த வீட்டின் வழக்கம் அவருக்குத் தெரியும். மரியாதை தெரிந்த பெண்மணி. முன்பக்கம் சுற்றி வந்தார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டையும் சேர்த்துச் சவுக்குக் கழியின் அடியில், கஜபதியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கண் கோப்பில் இருந்தது. வலது பாதம் நிலைப்படிக்கு மேலே எழும்பியது.

அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஜல்லியில் ஜல்லியைத்தான் மிதிக்கப் போகிறார். சட்டி இல்லை, பாவமில்லை, சத்தியம் மீறவில்லை. ஒரு விநாடி சும்மா நின்றால் போதும், சுவர் எழும்பிவிடும்.

கஜபதி வாயைத் திறக்கவில்லை. யாரும் கால் வைக்கக் கூடாது என்று பதின்மூன்று மாதமாகத் தொட்டுக் கும்பிட்ட நிலைப்படியின்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி, அவருக்கும் ஜல்லிக்கும் நடுவே நின்று, கைகளை விரித்து வாசக்காலின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டான். ஷோபனா தூக்கிய காலோடு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் மோவாயை மட்டும் அசைத்து இடப்பக்கம் காட்டினான், ஆணிக்காக அளந்து வைத்திருந்த சுவர் இருக்க வேண்டிய இடத்தை, அந்த வழியாக வரச் சொல்லி.